மச்சு தாங்குமா?

கலசப்பாக்கத்தில் நெசவாளர் குடும்பத்து நண்பர் ஒருவரின் வீட்டு மச்சில், எங்கள் குழு பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் சிற்றிதழ்களையும் நூல்களையும் அடுக்கி, ஒரு சிறு வாசிப்பறை அமைக்கலாம் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தோம். மச்சு இப்போது குனிந்து நுழையும் உயரத்தில்தான் இருக்கிறது. பக்கச் சுவர்களை நான்கடி உயர்த்தி, பழைய மரத்தளத்தை எடுத்துவிட்டு ஐந்து அங்குலக் கான்கிரீட் போட்டு, வெளியிலிருந்து ஓர் இரும்புப் படி வைத்துவிட்டால் நிமிர்ந்து நடமாட ஓர் அறை கிடைத்துவிடும். மேஸ்திரி வந்தார். சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "பழைய கட்டு சார், ரெண்டு மாடி தாங்கும்" என்றார். அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா என்று கேட்டோம். "வீட்டுக்குள்ள பண்றதுக்கு எதுக்கு சார் அப்ரூவல்?" என்று சிரித்தார்.

எங்களில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உறுத்தியது. அந்த உறுத்தலிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. இலக்கியப் பக்கத்தில் கட்டடக் கணக்கு எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். புத்தகம் சேர்க்கும் பழக்கமுள்ள எவர் வீட்டிலும் ஒரு பரண் இருக்கும். அந்தப் பரணுக்குக் கீழே யாரேனும் படுத்துறங்குவார்கள்.

முதலில் சொற்கள். பரண், மச்சு, மெத்தை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பரண் என்பது பண்டம் வைக்கும் தட்டு. மனிதன் ஏறுவது பொருளை எடுக்க மட்டுமே. மச்சு என்பது கூரைக்கும் அறைக்கும் இடையே தூலங்கள் மீது பலகையோ செங்கல்லோ பரப்பிய தளம். நெல்லும் விதையும் பழைய பாத்திரங்களும் அங்கே கிடக்கும். மெத்தை என்றால் எங்கள் வடமாவட்டங்களில் மாடி. மெத்தை வீடு என்றால் மாடி வீடு. அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள். இன்று லாஃப்ட் என்று சொல்லிவிட்டு மூன்றையும் ஒரே பொருளாக்கிவிட்டோம். ஆனால் மச்சை மெத்தையாக்குவது பெயர் மாற்றமன்று. எந்தச் சுமைக்காகக் கட்டினார்களோ அந்தச் சுமையையே மாற்றுவது அது.

எவ்வளவு மாறுகிறது? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி (1987) இதற்கு எண்கள் தருகிறது. ஆள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்று கணக்கிட்டுக் கட்ட வேண்டும். வீட்டு அறைக்கு 200 கிலோ. நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் பகுதிக்கு 600 கிலோ. அடுக்கின் உயரம் 2.2 மீட்டரைத் தாண்டினால் அதற்கும் மேல். வாழும் அறையைப் போல மூன்று மடங்கு சுமையைத் தாங்க வேண்டியது புத்தக அறை என்கிறது அந்தத் தரநூல். வாசகர்களாகிய நமக்கு இது புகழுரையாகத் தோன்றலாம். தூலத்துக்கு அப்படித் தோன்றாது.

நம்பாமல் எடை போட்டுப் பார்த்தோம். கெட்டி அட்டை நூல்களும் சிற்றிதழ்த் தொகுப்புகளும் கலந்த ஓர் அடி நீள அடுக்கு சுமார் 8 கிலோ இருந்தது. மூன்றடி அகலமும் ஆறு தட்டுகளும் உள்ள அலமாரி நிரம்பினால் 144 கிலோ. அது நிற்பதோ மூன்று சதுர அடியில். ஆறு அலமாரிகள் வைக்க நினைத்திருந்தோம். கிட்டத்தட்ட 860 கிலோ. பயந்துபோனோம்.

ஆனால் முழுக் கணக்கையும் போட்டபோது பயத்தின் இடமே மாறிவிட்டது. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறைக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அதன் எடை மட்டும் ஏறக்குறைய 5 டன். இரு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை நான்கடி உயர்த்தினால் மேலும் நாலரை டன். கூரையைச் சேர்க்கவில்லை. பிறகு யாராவது ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை உச்சியில் ஏற்றி வைப்பார்கள். அது நிரம்பினால் இன்னொரு டன். புத்தகங்கள் ஒரு டன்னைக்கூட எட்டவில்லை. நாங்கள் அஞ்சியது புத்தகத்துக்கு. அஞ்ச வேண்டியிருந்தது உறுதிக்காகப் போடுவதாக நாம் நம்பும் அந்தக் கான்கிரீட்டுக்கு. 'நல்லா கெட்டியா போட்ரலாம் சார்' என்பது நம் ஊரில் பாதுகாப்பின் மொழி. கெட்டியாகப் போடும் ஒவ்வோர் அங்குலமும் கீழே உள்ள மண் சாந்துச் சுவரின் தலையில்தான் இறங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி அனுமதி. மேஸ்திரி சொன்னது சரியன்று. ஓடு மாற்றுவது, பூசுவது, வெள்ளையடிப்பது வேறு. சுவரை உயர்த்திப் புதிய தளப்பரப்பைச் சேர்ப்பது வேறு. பின்னதற்குக் கட்டட அனுமதி வேண்டும். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அதுவரை பெருநகர், நகராட்சி, ஊராட்சி என்று தனித்தனியே கிடந்த விதிகளை ஒரே தொகுப்பாக்கின. 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதனுடன் ஒரு மாடியோ உள்ள வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. இத்தகைய சிறு வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை.

இந்த முறையைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒரு சமையலறையை நீட்டிக்க மாதக் கணக்கில் அலுவலகப் படியேறிய குடும்பங்களை நாங்கள் அறிவோம். அந்த அலைச்சலும் அதனோடு கைமாறியவையும் குறைந்திருந்தால் நல்லதே. எங்கள் கேள்வி வேறு. பழைய முறையானாலும் புதிய முறையானாலும், சிறு வீட்டுக்கான அனுமதி என்ற தாள் எதைப் பார்க்கிறது? மனையின் அளவு, சாலையின் அகலம், முன்னும் பின்னும் பக்கமும் விடவேண்டிய இடைவெளி, மொத்தப் பரப்பு, உயரம், கட்டணம். எல்லாம் 'இங்கே, இவ்வளவு கட்டலாமா' என்ற ஒற்றைக் கேள்வியின் கிளைகள். 'கட்டினால் நிற்குமா' என்பது வேறு கேள்வி. பெரிய கட்டடங்களுக்கு அமைப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். நெசவாளர் வீட்டு மச்சுக்கு அந்தக் கேள்வி மேஸ்திரியின் உள்ளங்கையோடு முடிந்துவிடுகிறது.

இரண்டு கேள்விகளும் வெவ்வேறானவை என்பதற்கு நம் மாநிலத்தில் மௌலிவாக்கத்தைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 மாலை, மழையினூடே, கட்டி முடியும் தறுவாயில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. தாள் இருந்தது, தூண்கள் நிற்கவில்லை. கட்டடத்தின் உறுதிக்குக் கட்டுபவரும் அவருடைய பொறியாளரும்தான் பொறுப்பு, திட்ட அனுமதி தருபவர் அன்று என்ற விளக்கமும் அப்போது வந்தது. சட்டத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். பக்கத்திலேயே நின்ற அதன் இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்த்தோம். எதை வேடிக்கை பார்க்கிறோம் என்று அன்று தெரியவில்லை.

மௌலிவாக்கம் வானளாவிய கட்டடம், நம்முடையது மச்சு என்று ஒருவர் தள்ளிவிடலாம். அப்படியானால் டாக்காவுக்கு அருகே சாவாரில் இருந்த ராணா பிளாசாவைப் பாருங்கள். துணித் தொழிலோடு பிழைக்கும் ஊர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக எழுப்பிய கட்டடத்தின் மேல் அனுமதியின்றி மாடிகள் ஏற்றி, அவற்றில் தையல் இயந்திரங்களையும் மின்னாக்கிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். ஒரு காரியத்துக்காகக் கட்டிய தளத்தில் வேறொரு காரியத்தை ஏற்றி வைத்தார்கள் என்பதே அங்கே நடந்ததன் சாரம். இயந்திரம் அசைகிறது, அதிர்கிறது; அந்த அதிர்வையும் தூண் தாங்க வேண்டும்.

ஆரணிப் பக்கத்துப் பழைய நெசவு வீடுகள் இதை அறிந்தே கட்டப்பட்டவையோ என்று எண்ணத் தோன்றுகிறது. குழித்தறி தரையில் இருக்கிறது. நெய்பவர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கிறார். பலகை மோதும் ஒவ்வொரு அடியும் நேரே மண்ணுக்குள் போய்விடுகிறது. ஜக்காடுப் பெட்டி ஏற வேண்டும் என்பதால் அந்தப் பத்தியில் கூரை உயரம், மச்சு கிடையாது. மச்சு அடுத்த பத்தியில், கனமும் அசைவும் இல்லாத பண்டங்களுக்காக. இப்போது குடும்பம் பெருகி, மகனுக்குத் திருமணமாகி, தறியை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழே அறை எடுக்கலாம் என்று பலரும் யோசிக்கிறார்கள். எங்கள் புத்தக ஆசையைவிட அது ஆயிரம் மடங்கு நியாயமான தேவை. ஆனால் சட்டத்தறியாக்கி மாடியில் நிறுத்தும் தறியின் அடி மண்ணுக்குப் போகாது. தளத்துக்கும், தளம் தங்கிய சுவருக்கும் போகும். வருடக் கணக்கில், நாள் முழுவதும்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தோம். இங்கிலாந்தில் கூரைக்கடியில் உள்ள பரணை அறையாக்குவது பரவலான வழக்கம். அங்கே இரு கேள்விகளையும் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். தொடர்வரிசை வீடானால் 40 கன மீட்டர் வரை, மற்ற வீடுகளானால் 50 கன மீட்டர் வரை கூரைப்பகுதியைப் பெருக்க, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திட்ட அனுமதி கேட்கவே வேண்டாம். ஆனால் கட்டட விதிகளின்படி உறுதியையும் தீப்பாதுகாப்பையும் படியையும் பரிசோதித்து ஒப்புதல் பெறுவதிலிருந்து எவருக்கும் விலக்கில்லை. கீழறையின் கூரையைத் தாங்கப் போட்ட மரச்சட்டங்கள் மனிதர் நடமாடும் தளத்தைத் தாங்கா என்பதே அங்குள்ள பொறியாளரின் தொடக்க வாக்கியம். எனவே பழைய சட்டங்களைத் தொடாமல், அவற்றுக்கிடையே புதிய சட்டங்களை இரும்பு விட்டங்களில் தாங்கவைத்துத் தளம் அமைக்கிறார்கள். அந்த விட்டத்தின் முனை அண்டை வீட்டோடு பகிர்ந்த பொதுச்சுவரில் ஏறுமானால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்தின்படி அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். நம் நெசவுத் தெருக்களிலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவைதாம். விட்டத்தை அடுத்தவர் சுவரில் செருகிவிட்டுப் பிறகு பஞ்சாயத்துக்குப் போவதே நம் மரபாக இருந்துவருகிறது.

நாம் எதிலே கண்டிப்பாயிருக்கிறோமோ அதில் அவர்கள் தளர்கிறார்கள். எதிலே நாம் கண்ணை மூடிக்கொள்கிறோமோ அதில் அவர்கள் விடுவதில்லை. இங்கிலாந்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்ததும் அதே விதிகளின் நாட்டில்தான். விதி எதைக் கேட்கிறது என்பதோடு, கேட்டதை யார் போய்ப் பார்க்கிறார் என்பதும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

கடைசியில் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். அவர் சுவரைத் தட்டவில்லை, மண்வெட்டி கேட்டார். சுவரோரம் ஒரு மூலையில் குழி தோண்டிக் கடைக்காலைத் திறந்து பார்த்தார். இரண்டடி ஆழம், கருங்கல் துண்டுகள், இடையே மண். சிமெண்டோ சுண்ணாம்போ இல்லை. பிறகு மச்சுத் தூலங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளை ஓர் ஆணியால் குத்திப் பார்த்தார். நடுவில் கல் போலிருந்த பனந்தூலம், சுவருக்குள் மறைந்த முனையில் விரல் நுழையும் அளவுக்கு மக்கியிருந்தது. மரத்தின் நோய் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் தொடங்குகிறது. சுவர் வாங்கும் ஈரம் அங்கே தங்குகிறது. இதுவரை அந்த மச்சு நின்றதற்குக் காரணம், அதன்மேல் யாரும் அதிகம் ஏறாததே.

அவர் சொன்ன வழி எளியது, ஆனால் மலிவானதன்று. பழைய சுவரின் தலையில் எதையும் ஏற்றக்கூடாது. அறையின் நான்கு மூலைகளிலும் தனித்தனிக் கடைக்காலோடு நான்கு தூண்கள், அவற்றின்மேல் இரும்பு விட்டங்கள், தளத்துக்குக் கான்கிரீட்டுக்குப் பதில் நெருக்கமான இரும்புச் சட்டங்கள் மேல் சிமெண்ட் நாரட்டைப் பலகை, மேற்சுவரும் பலகையே. அலமாரிகள் நடுவில் அல்ல, விட்டங்களை ஒட்டி. பழைய வீடு தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும். புதிய அறை அதன் தோளில் ஏறாமல் தன் கால்களில் நிற்கும். பழைய தளத்தைப் பிரிக்கும்போது எஞ்சிய தூலங்களுக்குச் சவுக்கு முட்டு கொடுத்துவிட்டுத்தான் ஒரு செங்கல்லையாவது உருவ வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னார். இத்தகைய வேலைகளில் விபத்து நேர்வது பெரும்பாலும் கட்டும்போதன்று, பிரிக்கும்போது என்றார்.

போகிற போக்கில் எதிர்வீட்டு மொட்டைமாடியைக் காட்டினார். அங்கே தூண் கம்பிகள் நான்கு மூலையிலும் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பின்னாளில் எழுப்பப்போகும் மாடிக்காக விட்டு வைத்தவை. நம் ஊர்களில் இது நம்பிக்கையின் அடையாளம்; மகன் சம்பாதிப்பான், மாடி எழும்பும். பல மழைக்காலங்கள் நனைந்து அந்தக் கம்பிகள் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. துரு கம்பியின் கனத்தைத் தின்பதோடு நிற்காமல் கான்கிரீட்டுக்குள் இறங்கி அதை உள்ளிருந்தே பிளக்கும். கட்டியபோது கம்பியைச் சிமெண்ட் பாலில் தோய்த்து, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைத்திருந்தால் போதும் என்றார். அதைச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை.

எங்கள் கருத்து இதுதான். சுயசான்று முறை இருக்கட்டும். அதோடு, ஏற்கெனவே நிற்கும் வீட்டின்மேல் எதையாவது ஏற்றுகிறவர்களுக்கு மட்டும், ஒரு பக்கத்துக்கு மிகாத ஒரு தாளைக் கட்டாயமாக்க வேண்டும்: கடைக்காலைத் திறந்து பார்த்தாயிற்றா, சுவர் எதனால் ஆனது, மேலே வருவது என்ன, அதன் எடை எவ்வளவு. அதில் கையெழுத்திடும் பொறியாளரின் கூலியை நெசவாளர் தலையில் வைக்கக்கூடாது. ஒன்றிய அளவில் ஒருவரை இதற்கென அரசே அமர்த்தலாம். நத்தத்துப் பழைய வீடுகளுக்கு வரைபடமே இருந்ததில்லை. வரைபடம் எங்கே என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினால், அனுமதியும் இல்லாமல் ஆய்வும் இல்லாமல் இரவோடிரவாகக் கான்கிரீட் விழும். அதற்குப் பதில் அந்த ஒரு பக்கத் தாளையே அவ்வீட்டின் முதல் ஆவணமாக ஏற்றுக்கொள்ளலாம். 'உன் மனை எவ்வளவு' என்று கேட்கும் அரசு 'உன் சுவர் எப்படி' என்றும் கேட்டால் அதைக் குறுக்கீடாக யாரும் எண்ணமாட்டார்கள்.

மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். மண் சாந்து, சுண்ணாம்பு, மரம் என்ற உலகில் அவருடைய உள்ளங்கை பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கும். அந்த உலகில் எவரும் மச்சின்மேல் ஐந்து டன்னை ஒரே நாளில் கொட்டியதில்லை. பொருள் மாறிவிட்டது, கை மாறவில்லை. பொறியாளர் தோண்டிய குழியை எட்டிப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, போன வருடம் பக்கத்து ஊரில் தாம் எழுப்பிக் கொடுத்த ஒரு மாடியைப் பற்றி அவரே எங்களிடம் கேட்டார். பொறியாளரை அங்கே அழைத்துப் போக முடியுமா என்று. போனார்கள்.

எங்கள் வேலை இன்னும் தொடங்கவில்லை. நான்கு தூண்களில் ஒன்றின் கடைக்கால் தறிக்குழியை ஒட்டி வருகிறது. அதைத் தோண்டுவதானால் தறியைப் பிரிக்க வேண்டும். தறியில் இப்போது பாவு ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பரின் அப்பா அதை நெய்து முடித்து அறுத்த பிறகே மண்வெட்டி வைக்க முடியும். அதுவரை சிற்றிதழ்கள் கீழறையில், தரையில் பலகை போட்டு அடுக்கிக் கிடக்கின்றன. படிக்க விரும்புகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். தறிச் சத்தம் கேட்கும்.